குனிந்து சாப்பிட ஒரு மேலண்ணம்

பெரம்பலூர் பல் லேபில் வேலை பார்க்கும் தமிழழகனுக்கு, செய்து கொடுத்த பிளேட் திரும்பி வந்துவிட்டால் இருப்புக் கொள்ளாது. சாதாரணப் பல் செட் என்றால்கூடச் சமாளித்துவிடுவான். இது புற்றுநோய்க்காக மேல்தாடையை எடுத்தவர்களுக்கு, வாய்க்கும் மூக்குக்கும் நடுவே விழுந்த ஓட்டையை அடைக்கிற பிளேட். மயிரிழை இடைவெளி இருந்தாலும் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்து நிற்கும்.

ரெட்டிபாளையம் இளையபெருமாளின் பிளேட் இரண்டாம் முறையாக வந்திருந்தது. டாக்டர் ஆளையே லேபுக்கு அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை மகள் கல்யாணம். சம்பந்தியோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும். உட்காராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முறைப்பார்கள். உட்கார்ந்து மூக்கில் சோறு வந்தால் அதைவிடக் கேவலம்.

நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். ஒரு சொட்டு வரவில்லை. இட்லியும் ஒழுங்காக இறங்கியது.

“நல்லாத்தானங்க இருக்கு. வூட்ல மட்டும் எப்புடிங்க ஒழுவும்?”

“அப்ப நான் பொய் சொல்றனா?” இளையபெருமாள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

தமிழழகனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மேஜையைச் சுற்றி நாலு நடை நடந்தான்.

“வூட்ல எதுல ஒக்காந்து சாப்புடுவீங்க?”

“எதுலயா? தரையிலதான்.”

அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் எல்லோரையும் நாற்காலியில் நிமிர்த்திவைத்தே பார்த்திருக்கிறான். ஒருத்தரையாவது இலைக்கு முன் குனியவைத்துப் பார்த்ததுண்டா?

எதிர் மெஸ்ஸிலிருந்து பார்சல் வந்தது. தரையில் பேப்பர் விரித்து இலை போட்டான். அவர் குனிந்து முதல் வாய் ரசம் சோறு வைத்ததுமே மூக்கிலிருந்து மீசையில் வடிந்தது. இளையபெருமாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

குனியும்போது இடைவெளி விழுகிற பிளேட்டின் பின்விளிம்பில் இளக்கிய மெழுகை ஒட்டி, குனிந்தபடியே அவரைத் திரும்பத் திரும்ப விழுங்கச் சொன்னான். மெழுகில் பதிந்த வடிவத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, தேய்த்து, கழுவிக் கொடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுபடி ஒரு பார்சல் வாங்கினான்.

“பார்சல் சோறு ரெண்டு பேருக்குக் காணும். எதிர்ல ஒக்காருங்க தம்பி,” என்றார் இளையபெருமாள். “ஆளு முன்னாடி நான் சாப்ட்டுப் பதினோரு மாசமாவுது.”

தமிழழகன் உட்கார்ந்தான். அவர் குனிந்தார். குழம்பு, ரசம், மோர். இவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கண் அவர் மூக்கைவிட்டு நகரவில்லை. மீசை காய்ந்தே இருந்தது.

“என் மூக்கப் பாத்தது போதும்,” என்றார் அவர். “இலையப் பாத்து சாப்புடுங்க தம்பி.”