அம்மா மாமாவை விற்ற நாள்

எதிர் வீட்டுப் பெண் திருவொற்றியூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போகிறாள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முன்னால் எப்படி உட்காருவது, எப்படிப் பேசுவது என்று இளசுகளுக்குச் சொல்லித்தருகிற இடம். சாயங்காலம் வந்து, கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிறாள். "உன்னிடம் என்ன குறை?" என்று கேட்டால், "அளவுக்கு மீறி உழைப்பேன்" என்று சொல்ல வேண்டுமாம். அதைக் கேட்டு எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆனாலும் இந்தப் படிப்பெல்லாம் எங்கள் குப்பத்துக்கு எப்போதோ வந்துவிட்டது, முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர் என் மாமா என்று அவளிடம் சொன்னேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்களோடுதான் இருந்தார். இந்தக் கதை நடப்பதற்கு முந்தைய ஐப்பசியில் கடலுக்குப் போன என் அப்பா திரும்பி வரவில்லை. அப்பாவின் வலையை எடுத்துக்கொண்டு மாமா போக ஆரம்பித்தார். அவர் கரைக்கு வந்து சேரும் வரை அம்மா பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. அந்தச் சமயத்தில்தான் எண்ணூர் ரோட்டில் ஒரு புதுத் தொழிற்சாலை வந்தது. அக்கம்பக்கத்துக் குப்பத்துப் பையன்களை எடுத்து வேலை பழக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. தம்பியைக் கடலிலிருந்து கரையேற்றாமல் விடுவதில்லை என்று அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

பேட்டியில் எப்படிப் பதில் சொல்வது என்று பழக்கிவிட மீனவர் சங்கத்திலிருந்து ஒரு சார் வந்தார். பஜனைக் கோயில் நிழலில் வகுப்பு. குப்பமே சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

இங்கே எங்கள் ஆண்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுமரம் கரையேறும்போது யாராவது "இன்னா பாடு?" என்று மீன் வரத்தை விசாரித்தால், வலை கிழிய மீன் கிடந்தாலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்கள். நிறைய என்று வாய்விட்டால் கடலுக்குக் காது கேட்டுவிடும், மறுநாள் கையை மூடிக்கொள்ளும். பெரியவர்கள் முன்னால் தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்பவனை எங்கள் பக்கம் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

சார் கேட்டார், "தம்பி, பாரம் தூக்குவீங்களா?"

"எங்க சார். சோத்துத் தட்ட தூக்கவே தெம்பு கெடையாது."

"நீச்சல் தெரியுமா?"

"ஏதோ, முழுகாம கீறேன்."

"எட்டாவது பாஸ்னு சர்டிபிகேட்டுல இருக்கே?"

"வாத்தியாரு தெரியாம போட்டுட்டாரு சார்."

சுற்றியிருந்த கிழவர்கள் தலையை ஆட்டினார்கள். "அட்சரம் பெசகாம சொல்றான் பாரு" என்றார் ஒருவர். சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மற்ற பையன்கள் ஒரு வாரத்தில் தேறிவிட்டார்கள். மாமா மட்டும் நாளுக்கு நாள் இன்னும் பணிவாகிக்கொண்டே போனார். கடைசியில் பார்த்தால், அவருக்கு மூச்சு விடக்கூடச் சரியாகத் தெரியாது என்கிற அளவுக்கு வந்து நின்றது.

அம்மா தலையில் கூடை வைத்து மீன் விற்பவள். எங்கள் பெண்களுக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. ஆண்கள் "ஒண்ணுமில்ல" என்று கரையில் போட்ட அதே மீன், பெண்கள் கூடைக்கு வந்ததும் உலகத்தில் இல்லாத மீனாகிவிடும். அம்மா மாமாவை அடுப்பங்கரையில் உட்கார வைத்தாள். கவிழ்த்துப் போட்ட கூடை மேல் என்னை ஆபீசராக ஏற்றினாள்.

"த பாரு. புட்ச்சவன் மாரி பேசாத, விக்கிறவ மாரி பேசு. 'ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரிக்கும் தேடினாலும் என்ன மாரி ஆளு கெடைக்காது சார்'னு சொல்லு."

மாமா குனிந்துகொண்டே சொன்னார். "ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரிக்கும் என்ன மாரி ஆளுங்கதான் சார் கீறானுங்க."

ஆபீசராகிய நான் சிரித்துக் கூடையிலிருந்து விழுந்தேன். அம்மா கரண்டியைத் தூக்கினாள். "உன்னோட பெரிய பேஜாரா போச்சிடா."

பேட்டி நாள் வந்தது. அம்மா கூடையோடும் என்னோடும் கூடவே கிளம்பினாள். தொழிற்சாலை வராந்தாவில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். நாங்கள் ஜன்னலோரம் நின்றோம். உள்ளே கண்ணாடி போட்ட ஆபீசர் ஒருவர் இருந்தார்.

"உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஒண்ணும் தெரியாது சார்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"அக்கா அனுப்பிச்சி சார்."

ஆபீசர் அடுத்தவனைக் கூப்பிட வாயெடுத்தார். அம்மா கூடையை இறக்கிவைத்தாள். வாட்ச்மேன் குறுக்கே நீட்டிய கைக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டாள்.

"சார், பையன சரியா பாக்காம சொல்லாத. இந்தத் தோளப் பாரு." மாமாவை ஒரு பக்கம் திருப்பினாள். "முதுகப் பாரு. வாயத் தொறடா." மாமா திறந்தார். "ஒரு சொத்த கீதா பாரு சார். கண்ணு பாரு எப்டி கீது, கலங்கிக்கீதா? தொட்டுப் பாரு சார், சும்மா தொடு, காசு கேக்க மாட்டேன்."

ஆபீசர் தொடவில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அவர் தயங்குவதைப் பார்த்த அம்மா, வாங்குகிறவர்கள் யோசித்தால் கூடையைத் தூக்குகிற மாதிரி மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாணாம்னா உட்ரு சார். பக்கத்துக் கம்பெனில எப்ப வர்றான்னு கேட்டுக்கினே கீறாங்க."

பக்கத்தில் கம்பெனி எதுவும் கிடையாது. உப்பளம்தான் இருந்தது. ஆபீசருக்கும் அது தெரியும். கண்ணாடியைக் கழற்றி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "ஏம்மா, இவ்வளவு கெட்டிக்காரன் ஏன் ஒண்ணும் தெரியாதுங்கறான்?"

"புட்ச்சிக்கினு வந்தவன் எப்ப சார் தன் மீன நல்ல மீனுன்னு சொல்லிக்கீறான்?"

ஆபீசர் மாமா பக்கம் திரும்பினார். "உங்கக்கா சொல்றது நிஜமா தம்பி?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அவ்வளவு பேசிய அம்மாவிடம் சரக்கு தீர்ந்துபோயிருந்தது. தலைச் சும்மாட்டுத் துணியைப் பிரிப்பதும் சுற்றுவதுமாக நின்றாள்.

"நிஜந்தான் சார்" என்றார் மாமா.

எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். ஆபீசர் நல்லவராம், முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். மாமா கடல் பக்கமாக மணலில் தள்ளி நடந்தார். அவருக்கு ஒரு வழியாக வெட்கம் போய்விட்டது என்று எனக்கு ஒரே பெருமை. வகுப்பிலும் அடுப்பங்கரையிலும் அவர் ஏன் அப்படிப் பாடம் ஏறாமலே உட்கார்ந்திருந்தார் என்று நான் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. எங்கள் ஆண்களின் பழக்கம்தானே.

குப்பம் கண்ணில் பட்டதும் மாமா நின்றார்.

"யக்கா, திங்கக்கெழமைக்குத்தான் நாளு கீதே. நாளைக்கு ஒரு வாட்டி கடலுக்குப் போய்ட்டு வந்துர்றேனே."

அம்மா கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டாள். "வல இல்லடா. காலைல கெளம்பறப்பவே வித்துட்டேன்."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். மணலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர, நிறுத்த முடியாமல் சிரித்தார். ஆபீசரின் நாற்காலி பின்னால் போனதை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரைவிடச் சத்தமாக நானும் சிரித்தேன்.