‘ல’ வருகிற சொற்கள்

எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் ஒரு விளையாட்டு உண்டு. தைத்து வந்த சட்டைகள் ஒரு முனையில் குவிந்து கிடக்கும். ஒருத்தி ஒரு பீஸை எடுத்து, உள்ளே கைவிட்டுத் தடவி, ஓட்டையோ பிசிறோ இல்லையென்றால் அடுத்த பக்கம் தள்ளுவாள். தள்ளும்போது ஒரு சொல் சொல்ல வேண்டும். காலையிலேயே யாராவது ஓர் எழுத்தைக் கொடுத்திருப்பார்கள். அந்த எழுத்து சொல்லுக்குள் எங்கே வந்தாலும் சரி, புள்ளியோடு வந்தாலும் கொம்போடு வந்தாலும் சரி. சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது. பீஸ் கையைவிட்டுப் போன பிறகு சொன்னால் செல்லாது. தோற்றவர் டீ நேரத்தில் எல்லாருக்கும் டீ ஊற்ற வேண்டும்.

என் மனைவி அந்த மேசையில் பதினெட்டு வருடம் இருந்தாள். அவள் டீ ஊற்றி நான் பார்த்ததில்லை. நான் பத்தடி தள்ளி, கட்டிங் மேசையில் துணி விரிக்கிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன். துணியை விரித்துக்கொண்டே அந்தச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

ஒருநாள் ‘ங’ வந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் மனைவியைப் பார்த்துக் கையை விரித்துவிட்டாள்.

“வாயத் தொறந்தாலே ஒங்க கொங்கு ஊர்க்காரிக்கு ‘ங்க’ன்னு ங தானா வந்துரும். இது அழிச்சாட்டியம்லா.”

“நீங்களும் சொல்லுங்க, யாருங்க வேண்டாம்னாங்க?” என்றாள் என் மனைவி.

மேசையே சிரித்தது. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, கட்டிங்காரரே, நீங்க ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

நான் துணி ரோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் மெல்லத் தேறின. பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும். வாய்வரை வந்து நின்றுவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாள். அவ்வளவு பேசியவள் விரலால் காட்டுவதைப் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள்: “ஒரு எழுத்து கொடுத்து, அது வர்ற வார்த்தைங்களைக் கேளுங்க சார். தினமும் செய்யணும். இந்த ஆரம்ப மாசங்களை விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்.”

எனக்குத் தெரிந்த எழுத்து ஐந்தாம் வகுப்பு எழுத்து. படம் போட்ட புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். அணிலைத் தொட்டு, “இது என்ன, சொல்லு பாக்கலாம்” என்றேன். குழந்தையிடம் பேசுகிற குரல் எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பத்து நாள் முயன்றேன். பத்து நாளும் சுவர்தான். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன.

ஒரு சனிக்கிழமை தையல் லைனில் ஏதோ கோளாறு. செக்கிங் மேசைக்குப் பீஸ் வரவில்லை. பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டும் நின்றிருந்தது. “சும்மாதான இருக்கீங்க, சொல்லுங்களேன்” என்று சூப்பர்வைசர் கேலி செய்தார்.

“பீஸ் இல்லாம எப்படிண்ணே வரும்?” என்றாள் தென்காசிக்காரி. “கை ஓடுனாதான வாய் ஓடும்.”

எனக்குக் கத்தரி கையிலேயே நின்றுவிட்டது. எத்தனை வருடமாகப் பார்க்கிறேன். என் மனைவி ஒருநாளும் வெறுங்கையோடு சொல் சொன்னதில்லை.

சூப்பர்வைசரிடம் போய், கழித்துப் போட்ட டேமேஜ் பீஸ் ஒரு கட்டு கேட்டேன். வாய்விட்டுக் கேட்க எனக்கு அரை மணி நேரமானது. எதற்கென்று தெரிந்ததும் பெண்களே பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலுக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அதன்மேல் கட்டைப் பிரித்து வைத்தேன். “இன்னைக்கு ‘ல’, புள்ள” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றை எடுத்தாள். இடது கை உள்ளே போனது. விரல்கள் தையலோரமாக ஓடின. தோள், கை, பக்கம். கழுத்துக்கு வந்து கட்டைவிரல் நின்றது.

“கா…” என்றாள். கட்டைவிரல் அதே இடத்தை அழுத்தியது. “காலர்.”

பீஸை என் பக்கம் தள்ளினாள்.

நான் எழுந்துவிட்டேன். ஆனால் அவள் என்னை விடவில்லை, பீஸைக் காட்டினாள். என் முறை. “நூல்” என்றேன். இத்தனை வருடமாக நூலோடு கிடப்பவன், அதற்குள் ‘ல’ இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த பீஸில் “லேபிள்” வந்தது. அதற்கடுத்து “தையல்”. நான் “வேலை” என்றேன். அவள் ஒரு பீஸை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவினாள். இனி சட்டையில் ‘ல’ ஏதும் மிச்சமில்லை என்று நினைத்தேன். அவள் “வயல்” என்றாள். பிறகு “வாய்க்கால்”. பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, “மயில்”.

அது கணியூர். அவள் பிறந்த ஊர். வயலும் வாய்க்காலும் வரப்பில் மயிலும் நானும் பார்த்தவைதான். இந்த நாலுசுவர் வீட்டுக்குள், ஓட்டை விழுந்த ஒரு சட்டையைத் தடவி, ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் அதுவரை போய்விட்டாள். சொற்கள் எங்கேயும் போய்விடவில்லை. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் காத்துக்கொண்டு நின்றிருந்தன. அதைப் பார்க்கப் பயமாகக்கூட இருந்தது.

என் முறை வந்தது. பீஸ் என் கையில் இருந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அப்படியே தள்ளிவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பழைய பார்வை.

“டீ…” என்றாள். நிறுத்தி, அடுத்த சொல்லைத் தேடி எடுத்தாள். “ஊத்துங்க.”

சமையற்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். பாத்திரத்தில் ஊற்றும்போதுதான் கண்ணில் பட்டது. எட்டிப் பார்த்து, “பால்” என்று சத்தமாகச் சொன்னேன்.

அவள் அடுத்த சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

“பீஸ்… போயிருச்சுங்க” என்றாள்.