நட்டுக்கு அடியில் இருந்த காசு

சிங்காநல்லூரில் என் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்ததிலிருந்து மகனுக்கு ஒரே பேச்சுதான். "எங்க ஃபிளாட்டுக்கு வந்துருங்கம்மா. தனியா இருந்து உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பார்ப்பா?" கூரையைச் சரி செய்துவிட்டால் அவனுக்குப் பேச ஒன்றும் இருக்காது. அதற்கு அவனிடமே கை நீட்ட எனக்கு மனமில்லை.

அதனால் வீட்டில் கிடந்த ஓட்டைக் காலணாக்களைப் புளி போட்டுத் தேய்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, டவுனில் பழங்காசு வாங்கும் பாயிடம் போனேன். பார்த்ததும் அவர் தலையில் கை வைத்தார்.

"ஏனுங்கம்மா, இதென்ன கொடமா, தேய்க்கறதுக்கு? கருப்பா இருந்திருந்தா வாங்கியிருப்பனே."

"அழுக்குக் காசை ஆருங்க வாங்குவாங்க?"

"அந்த அழுக்குக்குத்தானுங்க வெல," என்று சிரித்தார். பிறகு லென்ஸை என் கையில் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார். வருசத்துக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா. ஒரே வருசத்துக் காசிலும் எந்த ஊரில் குறைவாக அடித்தார்களோ அதற்கு மதிப்பு கூட. அதைவிட மதிப்பு, அடிக்கும்போது பிசகிய காசுக்கு. துளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் தேடிக்கொண்டு வருவார்களாம்.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கண் நன்றாகத் தெரியும். பஸ்ஸில் திரும்பும்போதே நினைவு வந்துவிட்டது. உள் அறைக் கதவின் தாழ்ப்பாள், மில்லில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர் கனத்த இரும்புக் கம்பியில் தானே செய்தது. கைப்பிடியை முடுக்கிய நட்டுக்கு அடியில் வாஷருக்குப் பதில் ஒரு காலணாவைப் போட்டிருந்தார். அது எப்போதும் ஒரு பக்கம் துருத்திக்கொண்டுதான் நிற்கும். புளியும் படாத காசு.

மறுநாள் மத்தியானம் அவருடைய ஸ்பேனரை எடுத்தேன். திருகினால் கதவுதான் ஆடியது, நட்டு அசையவில்லை. கதவு ஆடாமல் நிற்கட்டும் என்று உள்ளே நின்றுகொண்டு தாழ்ப்பாளைப் போட்டேன். அப்புறம் நட்டு நன்றாகவே திரும்பியது. திரும்பி, இரண்டாக உடைந்தது. காசு கையில் விழுந்தது. கைப்பிடியும் கூடவே கழன்று விழுந்தது. துருப்பிடித்த கம்பி மட்டும் சுவருக்குள் நுழைந்தபடி நின்றது. பிடித்து இழுக்க அதில் ஒன்றுமில்லை.

ஜன்னல் வழியாகச் சந்து தெரிந்தது. தெரிந்தவர்கள் போனார்கள், வந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் இந்தச் சந்தில் யாருக்குத் தெரிந்தாலும் மகனுக்குத் தெரிந்துவிடும். அவன் காத்திருப்பதே இப்படி ஒன்றுக்குத்தான். வாயை மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளை ஒதுங்கித்தான் இருந்தது. புள்ளியும் இருந்தது. என் கூரை என் கையில் இருக்கிறது, நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். விரலால் கம்பியைத் தள்ளினேன். சீப்பால் நெம்பினேன், சீப்புதான் உடைந்தது.

முன்னறையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. இந்த நேரத்தில் மகன்தான் கூப்பிடுவான். எடுக்காவிட்டால் நேரே வந்து நிற்பான். அதற்குமேல் கௌரவம் பார்க்க முடியவில்லை. ஜன்னலில் நின்று எதிர்வீட்டு மருமகளைக் கூப்பிட்டேன்.

"அம்மணி, உள்ளார மாட்டிக்கிட்டேன். வந்து கதவைத் தள்ளு. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே."

"ஐயோ அத்தை! நீங்க போன் எடுக்கலைன்னு அண்ணன் இப்பத்தானுங்க எனக்குப் போட்டுக் கேட்டாரு. வந்துட்டே இருக்காராமா."

வந்தவன் கடப்பாரையால் நெம்பித் திறந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பீரோவைத் திறந்து என் சேலைகளை எடுத்துப் பையில் வைத்தான். உடைந்த கதவைப் பார்த்துக்கொண்டே காசை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

காரில் ஏறிய பிறகுதான் பாய் சொன்னதையெல்லாம் அவனிடம் சொன்னேன். சிக்னலில் நின்றபோது கையை நீட்டிக் காசை வாங்கிப் பார்த்தான்.

"நெசமாவே ஒதுங்கித்தான் இருக்குது. நேரா டவுனுக்குப் போயி அந்த பாய்கிட்டயே வெல கேட்டுப் பார்த்துரலாமாம்மா?"

"நல்ல வெல போச்சுன்னா, கூரையைப் போட்டு என்னைத் திருப்பிக் கொண்டாந்து உடுவியா கண்ணு?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பச்சை விழுந்ததும் வண்டியை ஃபிளாட்டுக்குப் போகும் பக்கம் திருப்பினான்.