முத்துலிங்கம் போட்ட பூட்டு

முத்துலிங்கம் இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினோரு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். உலக யுத்த காலத்தில் தியத்தலாவையில் இராணுவ வண்டிகளைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை. தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் நின்றாலும், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கார் இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வண்டி விஷயத்தில் அவர் சொன்னதை மறுத்துப் பேச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. அந்தப் பழக்கமே அவருக்குக் கெடுதலாக முடிந்தது.

ஐம்பத்தெட்டாம் வருடம். மேக்கணக்கு என்ற மேல்பகுதியின் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, நோயாளிகளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, தோட்டத்தில் ஒரு பழைய இராணுவ ஜீப் இருந்தது. நாலு மைல் மண் ரோடு. தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் ரோடு குழைந்து களியாகிவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் என்றாலும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று சேற்றில் சுழல ஆரம்பித்தால் மற்ற இரண்டும் சும்மா நின்றுவிடும். சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷியலின் குணம் அது. பிடிப்பில்லாத சக்கரத்துக்கே ஓட்டத்தைக் கொடுத்துவிடும்.

துரை கொழும்பிலிருந்து ஒரு விலைப்பட்டியலை வரவழைத்து, முத்துலிங்கத்தையும் ஜீப் ஓட்டிய அழகுமுத்துவையும் ஒபிசுக்குக் கூப்பிட்டார். பின் அச்சுக்குப் போட இரண்டு வகைச் சாமான் இருந்தது. ஒன்று லொக்கர். இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே தண்டில் பூட்டினமாதிரி சேர்த்துச் சுழற்றும். மற்றது லிமிட்டட் ஸ்லிப். உள்ளே இருக்கும் தகடுகள் உரசிப் பிடித்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கும் கொஞ்சம் வலுவைத் தள்ளும். முழுசாகப் பூட்டாது.

"எது நல்லது?" என்று துரை கேட்டார்.

முத்துலிங்கம் வாயைத் திறக்குமுன் அழகுமுத்து சொன்னான். "எனக்கு அந்தத் தகடு வச்ச சாமான் போதுங்க தொர. ஒரு சக்கரம் தூக்கிக்கிட்டா கால் பிரேக்க லேசா மிதிச்சுப் புடிச்சு ஏத்திக்கிருவேன். ரெண்டையும் சேத்துப் பூட்டினா சரிவுல வாலு இழுக்குமோன்னு பயமா இருக்குங்க."

சொன்னதில் நியாயம் இருந்தது. முத்துலிங்கத்துக்கும் அது தெரியும். ஆனால் தன்னைக் கேட்ட கேள்விக்கு, தன் முன்னாலேயே, இருபத்தாறு வயது டிரைவர் பதில் சொல்கிறான்.

"பட்டாளத்துல லொக்கர்தாங்க தொர பாத்திருக்கேன். ஏத்தத்துல நிக்கவே நிக்காது. பயப்படுறவங்க வண்டி ஓட்டக் கூடாது," என்றார்.

துரை சிரித்தார். லொக்கர் வந்தது.

அதை மாட்டிய பிறகு, மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் முத்துலிங்கம் தனியாக ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே போனார். ஏற்றமெல்லாம் வண்டி அலுங்காமல் ஏறியது. பத்தாம் நம்பர் மலை வளைவில், ரோடு பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில், கொஞ்சம் அழுத்தினார். வண்டியின் பின்பக்கம் சத்தமில்லாமல் பள்ளத்தைப் பார்த்து ஒரு முழம் நகர்ந்தது. காலை எடுத்ததும் நின்றது.

என்ன நடந்தது என்பது அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. முன்பென்றால் ஒரு பின் சக்கரம் சுழன்றாலும் மற்றது மண்ணைப் பிடித்துக்கொண்டு வாலை நிறுத்தும். இப்போது இரண்டும் சேர்ந்து சுழல்கின்றன, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கீழே வந்து அழகுமுத்துவிடம் சாவியைக் கொடுத்தபோது, "அந்த வளைவுல மெதுவாப் போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்றைக்கு ஒபிசில் நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"ஜோரா ஏறுது, எடுத்துக்கிட்டுப் போ," என்றார்.

ஆடி மாதம் மேக்கணக்கு லயத்தில் ராக்காயி என்ற இளம்பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. தலைச்சன் பிள்ளை. பகல் பதினொரு மணி, நல்ல மழை. அழகுமுத்து அவளையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். பத்தாம் நம்பர் வளைவில் ஒரு மண்சரிவின் மேல் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. அழுத்தினான். வண்டி பக்கவாட்டில் வழுக்கி, தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிச் சாய்ந்தது. யாருக்கும் எலும்பு முறியவில்லை. ராக்காயியைக் கம்பளியில் கட்டி நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. நேரத்துக்கு வந்திருந்தாலும் பிழைத்திருக்குமோ என்னவோ, தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் ஒபிசில் விசாரணை. "வண்டியில் ஏதும் பழுதா?" என்று துரை கேட்டார்.

"பழுது ஒண்ணும் இல்லீங்க தொர," என்றார் முத்துலிங்கம்.

அது பொய்யில்லை. ஒரு ஆணிகூட உடைந்திருக்கவில்லை. அழகுமுத்து அவரைத் திரும்பிப் பார்த்தான். துரை சாவியை வாங்கிக்கொண்டு அவனைத் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு முத்துலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, கவ்வாத்துக் கத்தியோடு அழகுமுத்து வரிசையில் நிற்பான். முத்துலிங்கம் தொழிற்சாலைக்குப் பின்வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார். மனைவி ராசம்மா, "ஒடம்புக்கு என்னங்க?" என்று கேட்டால் எரிந்து விழுந்தார். புது டிரைவரிடம் மட்டும், கேட்காமலேயே, அந்த வளைவைப் பற்றி மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவன், "ஒங்களுக்கு முன்னயே தெரிஞ்ச வெசயமாண்ணே இது?" என்று சாதாரணமாகக் கேட்டான். முத்துலிங்கம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, நேராகக் கவ்வாத்து மலைக்கு ஏறினார்.

அழகுமுத்து வெட்டிய வாதுகளுக்கு நடுவே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"அழகு, அந்த வண்டி அங்க வழுக்கும்னு எனக்கு முன்னயே தெரியும். நானே ஓட்டிப் பாத்தேன். ஒன்கிட்ட சொல்லல."

அவன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். "எனக்கும் தெரியும்ணே. அதுக்கு முன்ன ரெண்டு வாட்டி வாலு இழுத்துச்சு. ஒங்ககிட்ட வந்து கேப்போம்னு இருந்தேன். பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவீங்கன்னு வரல."

"தப்பு என்னோடது."

"என்னோடதும் இருக்கு. அன்னைக்கு அழுத்தினது நான்தானே." அவன் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "வந்து சொன்னீங்க. ஆனா தொரகிட்ட சொல்லாம எங்கிட்ட மட்டும் சொன்னா எனக்கு என்னண்ணே ஆகப்போகுது?"

அன்றே முத்துலிங்கம் ஒபிசுக்குப் போனார். துரை கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நான் கேட்டபோது நீ ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார்.  பட்டறைப் பொறுப்பு அவரிடமிருந்து போயிற்று. கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிற வேலை கொடுத்தார்கள். லொக்கரைக் கழற்றித் தகடு வைத்த சாமானை மாட்டும்வரை மட்டும் பட்டறையில் இருக்கச் சொன்னார்கள். மாட்டிக் கொடுத்தார். அழகுமுத்துவுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. அந்த வண்டி சில ஏற்றங்களில் நின்று, ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியும் வந்தது. அழகுமுத்து குறை சொல்லவில்லை.

ராக்காயியிடம் போக அவருக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், மலையூற்றுத் தண்ணீர் குழாயில் விழும் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் துவைப்பதை நிறுத்தவில்லை.

"அழகுமுத்து அண்ணன் அப்பயே வந்து சொல்லிருச்சு," என்றாள். "நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. அதுதான் எனக்குப் பெரிய கோவம்."

"மன்னிச்சிரும்மா."

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியலண்ணே." துணியைப் பிழிந்து கல்லில் வைத்தாள். "பொம்பளப் புள்ள. தல நெறைய முடி. தெரியுமா ஒங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. இத்தனை காலத்தில் யாரிடமும் அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் போன பிறகும், பீலித் தண்ணீர் காலில் தெறிக்க முத்துலிங்கம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.