மூக்கு வண்டியும் தட்டை வண்டியும்

என் படிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பெருமைப்பட்டதில்லை. டபுள் டெக்கர் பஸ் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. தாம்பரத்துக்கு வரும் மாடி பஸ்களில் இரண்டு வகை உண்டு என்று எட்டு வயதிலேயே கண்டுபிடித்துப் பெயரும் வைத்திருந்தேன். டிரைவருக்குத் தனிக் கூண்டு, பக்கத்தில் துருத்திக்கொண்டு இன்ஜின் என்றால் மூக்கு வண்டி. முகம் பீரோ மாதிரி சப்பையாக இருந்தால் தட்டை வண்டி. மூக்கு வண்டி இருமும், தட்டை வண்டி உறுமும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். இதையெல்லாம் தினமும் கேட்டு அவதிப்பட்டவள் அத்தை. அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள், எனக்கும் அவளுக்கும் ஒரே அறை.

அத்தைக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது. அதற்குள் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் ஒரு வரன் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு பம்பாயில் வேலை, மறுநாள் காலையில் ரயில். அதற்கு முன் போட்டோவையும் ஜாதகத்தையும் சேர்த்துவிட வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். படிப்பைப் பற்றி அத்தை இரண்டு முறை பேச்செடுத்தாள். அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அப்பா முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே சைதாப்பேட்டை ஸ்டூடியோவில் போட்டோவை வாங்கி ஜாதகத்தோடு ஒரே கவரில் போட்டுக்கொண்டு, மூன்று பேரும் மூக்கு வண்டி ஒன்றில் ஏறினோம். மாடியில் முன் சீட்டு எனக்கும் அத்தைக்கும் கிடைத்தது. அப்பா பின்னால் எங்கோ உட்கார்ந்தார். கவர் என் மடியில் இருந்தது. குரோம்பேட்டை தாண்டியதும், நான் நிம்மதியாக பஸ் பார்க்கட்டும் என்று அத்தை அதை வாங்கிக்கொண்டாள்.

தாம்பரத்தில் இறங்கிப் பழம் வாங்கும்போது அப்பா கவரைக் கேட்டார். என் தலையில்தான் விடியப்போகிறது என்று நினைத்தேன்.

“நான்தாண்ணா வாங்கி வச்சிருந்தேன். சீட்லயே விட்டுட்டேன்” என்றாள் அத்தை.

அப்பாடா என்றிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி ஓடினோம். மூன்று டபுள் டெக்கர்கள் நின்றன. இரண்டு தட்டை, ஒன்று மூக்கு. நான் மூக்கு வண்டியைக் கைகாட்டினேன். அத்தை அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இல்லண்ணா, நாம வந்தது தட்டை வண்டி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

அப்பாவுக்கு எல்லா மாடி பஸ்ஸும் ஒன்றுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சும்மா இரு என்று அதட்டிவிட்டு, இரண்டு தட்டை வண்டிகளின் மாடியிலும் ஏறி, சீட்டு சீட்டாகக் குனிந்து தேடினார். அவர் இரண்டாவது வண்டியில் இருக்கும்போதே மூக்கு வண்டி இருமிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது.

அப்பா டைம்கீப்பரிடம் விசாரிக்கப் போனார். அத்தை எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி கடையோரம் நின்றிருந்தோம். தூரத்தில் ஏதோ சத்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, “தட்டை வண்டி” என்றாள். திரும்பிப் பார்த்தேன், தட்டை வண்டியேதான். அரை மணி நேரத்தில் இப்படித் தேறிவிட்டாளே என்று என் கோபமெல்லாம் போய்விட்டது.

வீட்டில் டிபன் சாப்பிடும்போது அந்தச் சந்தோஷத்தை என்னால் அடக்க முடியவில்லை.

“அப்பா, அத்தை இப்ப திரும்பிப் பாக்காமலே கண்டுபிடிச்சிடறா. சத்தம் கேட்டாலே போதும்.”

தோசையைப் பிய்த்த அப்பாவின் கை அப்படியே நின்றது. அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். சட்னிக் கிண்ணத்தோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“டிரெயினிங் ஸ்கூல் என்னைக்குத் திறக்குது?” என்று அப்பா தட்டைப் பார்த்துக் கேட்டார்.

“திங்கக்கிழமைண்ணா.”

“காலைல சீக்கிரம் கிளம்பு. கும்பலா இருக்கும்.”

அம்மா கேட்காமலேயே அவருக்கு இன்னொரு தோசை போட்டாள். அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு பஸ்ஸை அடையாளம் கண்டுபிடித்ததற்கா இத்தனை சந்தோஷம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவது வகை ஏதாவது வந்தால் அதையும் சொல்லித் தருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.