நல்ல தண்ணீர் கேட்ட செல்லியம்மாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கப் கம்பெனி. அங்கே செல்லியம்மாள் பதினோரு வருடமாகக் கிளேஸ் கலக்குகிறாள். சூளைக்குப் போகுமுன் கப்பை முக்கியெடுக்கும் வெள்ளைக் கரைசல்தான் கிளேஸ். பழவேற்காட்டுப் பக்கம் மீனவக் குப்பத்திலிருந்து வருகிறாள். துடுப்பு போட்ட கை என்று சொல்லிக்கொள்வாள். துடுப்பு போட்டது அவள் கணவன்.

போன மாதம் கிளேஸ் திடீரென்று டிரம்மின் அடியில் சிமெண்டாக இறுகியது. மேலே வெறும் பால்தண்ணீர். கப்பில் ஒட்டவில்லை.

"ஒழுங்கா கலக்குறீங்களாம்மா?" என்றார் சூப்பர்வைசர் ஹேமநாத்.

"கலக்கிக்கினேதான் சார் கீறேன். கையப் பாருங்க, தானா ஆடுது."

"திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா பேக்கிங்குக்கு மாத்திடுவேன்."

பேக்கிங்கில் வேலை நேரத்தில் பேசக் கூடாது. எண்ணிக்கை தப்பும் என்று சட்டம்.

"யக்கா, வாயில டேப் ஒட்டித்தான் உள்ள உடுவாங்க" என்றாள், கப் முக்கும் பூமிகா.

கலக்கும்போது ஒரு நிமிடம்கூட வாய் மூடாதவள் செல்லியம்மாள்.

சனிக்கிழமை டீ வந்தது. "ஆர்.ஓ. தண்ணி மெஷின் வந்தப்புறம் டீ ஷோக்கா கீதுக்கா" என்றாள் பூமிகா. செல்லியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். போர்வெல் தண்ணீரில் டீ கரிக்கிறது, நல்ல தண்ணீர் வேண்டும் என்று நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கியவள் அவள்தான். மெஷின் வந்த அன்றே, கப்பும் நல்ல தண்ணி குடிக்கட்டும் என்று ஒரு டியூபைச் செருகி டிரம் பக்கம் இழுத்தவளும் அவள்தான். டீ நன்றான நாளும் கிளேஸ் கெட்ட நாளும் ஒன்று.

மெஷின் கழித்து வெளியே விடும் தண்ணீர் கடலாகக் கரிக்கும். டிரம்மின் அடியைக் கம்பியால் குத்திக் கிளறி, அந்தக் கரிப்புத் தண்ணீரில் ஒரு சொம்பு ஊற்றிக் கலக்கினாள். கரைசல் மோர் பதத்துக்கு வந்தது.

திங்கட்கிழமை ஹேமநாத் கம்பை விட்டுப் பார்த்தார். தடையில்லாமல் இறங்கி, டிரம்மின் தகரத்தில் டங்கென்று இடித்தது. டிரம் பக்கம் கிடந்த டியூபையும் உப்புத் தண்ணீர்ச் சொம்பையும் பார்த்துவிட்டு, கிளேஸ் பொடி விற்கிறவருக்குப் போன் போட்டார். வைத்ததும் முகம் மலர்ந்தது.

"பொடியில இருக்கிற சோடியம் தண்ணியில கரையுதாம்மா. கரைஞ்சா துகளெல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளி, தனித்தனியா கீழ போய் இறுகிடுதாம். இத்தனை வருஷமா போர் தண்ணி உப்புதான் சேத்துப் புடிச்சு மிதக்க வெச்சிருக்கு. ஆர்.ஓ. தண்ணியில அந்த உப்பு இல்ல. நீங்க இங்கயே இருங்க."

"அதான் சார் நானும் சொல்ல வந்தேன்."

"ரிப்போர்ட்ல எழுதணும். ஆர்.ஓ. டியூபை இங்க இழுத்தது யாரு?"

செல்லியம்மாள் பதினோரு வருடத்தில் முதல்முறையாக, வாய் திறக்காமல் கலக்கினாள்.

"யக்கா," என்றாள் பூமிகா, "இப்பதான் நீ பேக்கிங்குக்கு லாயக்கு."