பிறந்த ஊர் தெரியும், இருக்கிற நாடு தெரியாது

கிரின்ஸ்டெட்டில் இருந்துகொண்டு விற்றால் விற்பனை வரி டென்மார்க்குக்கு மட்டும்தான் என்று நம்பியிருந்தேன். என் கதிரை இங்கே, கணினி இங்கே, நான் இங்கே. வேறு நாடுகளுக்கு என்னிடம் என்ன வேலை?

நான் விற்றது சாதகப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள். மாதச் சந்தா கட்டினால் ஐரோப்பாவில் எங்கிருந்தும் இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். அதை நம்பித்தான் இறைச்சித் தொழிற்சாலை வேலையை விட்டேன். அது படுத்தால் வீடு மனைவியின் ஒற்றைச் சம்பளத்தில் ஓடவேண்டும். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். முதுகு ஏற்கெனவே சரியில்லை.

சந்தாக்காரர் கூடியதும், பெரிய முதலாளி என்ற நினைப்பில் பிரெடெரிசியா நகரில் கணக்காளராக இருக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தியிடம் போனேன். கணக்கைப் பார்த்தவுடன் அவள் முகம் சுருங்கியது.

"அண்ணை, வெளிநாட்டு விற்பனை கொஞ்சமா இருக்கேக்க நீங்கள் செய்தது சரி. இப்ப வரம்பு தாண்டீட்டுது. வாங்கிற ஆள் எந்த நாட்டில இருக்கிறாரோ, அந்த நாட்டு வரி. எல்லாத்தையும் இஞ்சயே கட்டலாம், ஆனா நாடு நாடாப் பிரிச்சுக் காட்டவேணும். உங்கட ஆக்கள் எந்தெந்த நாடு?"

"தெரியாது தங்கச்சி."

"அப்ப என்னதான் தெரியும்?"

"பிறந்த ஊர், பிறந்த நேரம், நட்சத்திரம். ஆருக்குச் செவ்வாய் தோஷம் எண்டது கூடத் தெரியும்."

"செவ்வாய்க்கு வரி கட்டத் தேவையில்லை அண்ணை. பூமியில எங்க இருக்கினம்?"

பொருத்தம் பார்க்க யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்றால் போதும். பாரிஸா, பேர்லினா என்று நான் கேட்கவே இல்லை. பணம் கட்டிய வங்கி அட்டையை வைத்துப் பிடிக்கலாம் என்றாள். அதுவும் சரிவரவில்லை. வேறு நாட்டில் எங்கேயோ இருக்கும் ஒரு மாமி, இங்கே டென்மார்க்கில் ஓகூஸில் இருக்கும் மருமகனின் அட்டையில்தான் கட்டியிருந்தார். பாதிப் பேர் இப்படித்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு பையில் உடுக்கச் சாரம், பல் பிரஷ், கொலஸ்ட்ரோல் குளிசை எல்லாம் அடுக்கினேன். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எங்கயப்பா பயணம்?"

"மறியலுக்கு. வரி கட்டாதவனைச் சிறையிலதானே போடுவாங்கள்."

"எந்த நாட்டு மறியலுக்கு? அதுவும் தெரியாதெல்லே?"

சொல்லிவிட்டு முதுகைப் பிடித்தபடி காரில் ஏறினாள். நான் குளிசையை மட்டும் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் எல்லாச் சந்தாக்காரருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: வரிக் கணக்குக்காக, நீங்கள் வசிக்கும் நாட்டையும் முகவரியையும் தாருங்கள். இவ்வளவு எளிதான வழி முதலிலேயே தோன்றவில்லையே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

சிலர் தந்தார்கள். பலர் அன்றைக்கே சந்தாவை நிறுத்தினார்கள். வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றி, கடைசியில் எனக்கே வந்து சேர்ந்தது: "கவனம், உவன் சாதகம் பாக்கிறன் எண்டு சொல்லி ஆக்களைக் காட்டிக்குடுக்கிறான்." நல்ல குரல். விளம்பரத்துக்கு வைத்திருக்கலாம்.

பிறகு ஒரு அம்மா அழைத்தார். மகளுக்கு மூன்று இடத்தில் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"தம்பி, எங்களுக்கு இன்னும் விசா முடிவாகேல்லை. இருக்கிற இடத்தை எழுத்தில தரமாட்டம்."

"இது வெறும் வரிக்குத்தான் அம்மா. ஒருத்தரும் உங்களைத் தேடி வரமாட்டினம்."

"ஊரில என்ர மூத்தவனையும் ஆமிக்காரர் வெறும் பதிவுக்குத்தான் எண்டு கேட்டவங்கள். குடுத்தனான். பிறகு அவன் வரேல்லை."

அவர் என்னை ஏசவில்லை. தங்கள் பெயரை அழித்துவிடும்படி மட்டும் கேட்டார்.

கணக்காளரிடம் சொன்னேன். "நாடு தெரியாத ஆக்களுக்கு இனி விக்க ஏலாது அண்ணை," என்றாள். அவர்களை விட்டால் மிச்சமிருந்தவர்களைக் கைவிரலில் எண்ணலாம்.

சேவையை மூடினேன். நாடு சொன்னவர்களுக்கான வரியை இங்கிருந்தே அந்தந்த நாட்டுக்குக் கட்டினோம். மற்றவர்களுடையதை வரித்துறை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னை யாரும் மறியலுக்குக் கூப்பிடவில்லை. மனைவி மேலதிக வேலை எடுத்திருக்கிறாள். நான் திரும்பவும் இறைச்சித் தொழிற்சாலையில் வெட்டும் வரிசையில் நிற்கிறேன்.